ஞாயிற்றுக்கிழமை இருந்தபடியே

மாலை ஏழு இருபது. பந்திங் ரோடு. இரண்டு பக்கமும் செம்பனை எண்ணெய்த் தோட்டம். மழை விட்டுப் பத்து நிமிடம்தான் ஆகியிருந்தது. முன்னால் ஒரு வண்டி இல்லை... பின்னால் ஒரு வண்டி இல்லை.

ஜெய்னுதீன் இப்படித்தான் ஆரம்பித்தான்.

அன்றைக்கு எங்கள் ஹாஸ்டலில் கரண்ட் இல்லை. தெலுக் பங்லிமா காராங்கில் கையுறைத் தொழிற்சாலை ஆட்களுக்காகக் கட்டிய பழைய கட்டடம் அது. ஏழரைக்குப் போன கரண்ட், மணி பத்தாகப் போகிறது, இன்னும் வரவில்லை. பந்திங் வரைக்கும் இருட்டு என்று கேட்டில் காவல் இருக்கும் பாக் சாலே சொன்னார். அறைக்குள் படுக்க முடியாத புழுக்கம். வராந்தாவில் பாயைப் போட்டு ஏழு பேர் முட்டியோடு முட்டி இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நடுவில் மைலோ டின் மூடியில் ஒரு மெழுகுவர்த்தி.

தங்கமணிதான் கிளப்பிவிட்டான். கேரித் தீவுக்காரன். வாய் சும்மா இருக்காது.

"பாய், ஒரு பேய்க் கதை சொல்லு லா. தூக்கம் வர்ற மாதிரி."

"பேயெல்லாம் எனக்குத் தெரியாது. எங்க சாச்சா மகனுக்கு நடந்த ஒண்ணு இருக்கு... அதச் சொல்றேன்," என்றான் ஜெய்னுதீன். கைக்கடிகாரத்தை மெழுகுவர்த்திப் பக்கம் திருப்பிப் பார்த்தான். "ஆனா நான் அடிக்கடி மணி பாப்பேன். ஏன்னு கேக்கக் கூடாது."

"யாரு, குவாந்தான் பொண்ணு போன் பண்ணுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். ஜெய்னுதீன் சிரிக்கவில்லை.

அவன் சொன்னதை எனக்குத் தெரிந்த தமிழில் எழுதுகிறேன். கூட்டவில்லை, குறைக்கவில்லை.

ஆள் பேர் அய்யூப். ஜெய்னுதீனுக்கு அண்ணன் முறை, அய்யூப் காக்கா என்பான். தொண்ணூற்று நாலில் கிள்ளானில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தார். கடை என்றால் ஒரு மாடிப்படிக்குக் கீழே இருந்த இடம்தான். அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம் அவர் பந்திங் ரோட்டில் மோட்டாரில் போய்க்கொண்டிருந்தார். முந்தின நாள் ஒரு வீட்டில் வேலை செய்துவிட்டு ஸ்குரூடிரைவர் பையை அங்கேயே மறந்துவிட்டார். அதை எடுக்கப் போகிறார்.

பின்னால் ஒரு மோட்டார் சத்தம் கேட்டது. வழிவிட ஓரம் ஒதுங்கினார். அது முந்தவில்லை. கண்ணாடியில் பார்த்தார்... ரோடு மட்டும்தான் தெரிந்தது. விளக்கு இல்லை, ஆள் இல்லை. சத்தம் மட்டும் அதே தூரத்தில் வந்துகொண்டிருந்தது.

செம்பனைக்குள் போகும் மண் சாலையில் திரும்பினார். சத்தமும் திரும்பியது.

அந்தச் சாலையில் மூன்றே வீடுகள். கடைசி வீடு முத்துக்குமாரு ஐயா வீடு. யாழ்ப்பாணத்து ஆட்கள். தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். காக்கா உள்ளே போய் மோட்டாரை நிறுத்தினார். பின்னால் வந்த சத்தம் கேட்டுக்கு வெளியே வந்து நின்றது. இன்ஜின் அணைந்தது. சூடான இன்ஜின் ஆறும்போது டக்... டக்... என்று வரும் பாருங்கள், அதுகூடக் கேட்டது. பிறகு யாரோ சாவியால் கேட்டுக் கம்பியைத் தட்டினார்கள்.

டிங்... டிங்.

"அம்மா."

இளவட்டக் குரல். களைப்பான குரல்.

"வாறன் ராசா," என்று உள்ளேயிருந்து ஐயாவின் மனைவி குணபூசணி அம்மா ஓடி வந்தார். அய்யூப் காக்காவைத் தாண்டிப் போய்க் கேட்டைத் திறந்தார். அங்கே யாரும் இல்லை. மோட்டாரும் இல்லை. ஆனால் சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைக்கும் சத்தம். முதலில் ஒன்று, பிறகு இன்னொன்று. ஈரக் காலுறையோடு சிமெண்டுத் தரையில் நடந்து ஏதோ காக்காவைத் தாண்டிப் போனது. மெஷின் எண்ணெய் வாடை... மழையில் நனைந்த ஹெல்மெட்டின் வாடை. மெல்ல விசில் அடித்தபடி போனது. உள்ளே குளியலறைக் கதவு சாத்தியது. தண்ணீர் விழுந்தது.

ஹாலில் முத்துக்குமாரு ஐயா முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். கையை நீட்டி ரேடியோவைச் சத்தமாக வைத்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த வீட்டுக்கு ஒரே மகன். பேர் வாசு. இருபத்தாறு வயது. இங்கேதான், தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன். சுமார் நாற்பது நாளுக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை, வேலை விட்டு வரும்போது, அந்த மண் சாலை முனையில் செம்பனைக் குலை ஏற்றிய லோரி அடித்துச் செத்துப்போனான். மணி ஏழு இருபது.

"ஐயோ," என்றான் எங்களில் ஒருவன்.

ஜெய்னுதீன் மணி பார்த்துவிட்டுத் தொடர்ந்தான்.

வாசுவிடம் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. மகன் போன மூன்றாம் வாரம் இடி விழுந்து அதையும் அடித்துவிட்டது. ஹார்ட் டிஸ்க் போய்விட்டது. பிள்ளை எழுதி வைத்ததெல்லாம் அதற்குள் இருக்கிறது, எடுத்துத் தர முடியுமா என்று ஐயாதான் காக்காவைத் தேடிப் போய்க் கூப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை காக்கா புது ஹார்ட் டிஸ்க் வாங்கிக்கொண்டு போனார்.

வாசு ஒழுங்கான பையன். ஒவ்வொரு ஞாயிறும் சாயங்காலம் கம்ப்யூட்டரில் இருப்பதையெல்லாம் பிளாப்பி டிஸ்கில் நகல் எடுத்து வைப்பான். மொத்தம் இருபத்திரண்டு பிளாப்பி. ஒவ்வொன்றிலும் அவன் கையாலேயே எண் எழுதியிருந்தான். புது ஹார்ட் டிஸ்கைப் பொருத்திவிட்டு, அந்த இருபத்திரண்டையும் வரிசையாகப் போட வேண்டும். ஒன்றாம் நம்பரைப் போடு என்று திரை கேட்கும். முடிந்ததும் இரண்டாம் நம்பரைக் கேட்கும். கடைசி டிஸ்க் முடிந்தால் எல்லாம் பழையபடி வந்துவிடும்.

"பிளாப்பி எங்கம்மா?" என்று காக்கா கேட்டதற்கு அந்த அம்மா சாமி அறைக்குக் கூட்டிப் போனார்.

முருகன் படத்துக்குக் கீழே, மகன் படத்துக்குப் பக்கத்தில், வெள்ளித் தட்டில் இருபத்திரண்டு பிளாப்பியும் அடுக்கி வைத்திருந்தது. ஒவ்வொன்றுக்கும் சந்தனம் தொட்டு, குங்குமம் வைத்து, விபூதி போட்டிருந்தது. மேலே ஒரு செம்பருத்தி.

"அவன் எனக்குச் சொல்லியிருக்கிறான், தம்பி. அம்மா, கம்ப்யூட்டர் உடைஞ்சாலும் பயப்பிடாதேங்கோ, இதைப் போட்டா ஞாயிற்றுக்கிழமை எப்படி இருந்துதோ அப்படியே திரும்பி வந்திடும் எண்டு."

"ஆமாம்மா. வந்துடும்," என்றார் காக்கா. கம்ப்யூட்டரைத்தான் சொன்னார்.

பிளாப்பிக்குத் தூசி ஆகாது. அது அவருக்குத் தெரியும். ஆனால் முஸ்லிம் ஆள், இன்னொருவர் வீட்டுச் சாமி அறையில் நிற்கிறார். செத்த பிள்ளைக்கு வைத்த குங்குமம். அதைத் துடையுங்கள் என்று எப்படிச் சொல்வார்? நாமே துடைத்தாலும் குத்தமாகிவிடுமே என்று நினைத்தார். வாயை மூடிக்கொண்டு, அப்படியே ஒவ்வொன்றாக உள்ளே போட்டார்.

"அங்கதான் காக்கா தப்புப் பண்ணிட்டாரு," என்றான் ஜெய்னுதீன். "இன்னி வரைக்கும் அதச் சொல்லித்தான் அழுவாரு."

முதல் தடவை இருபத்திரண்டும் படித்தன. கம்ப்யூட்டர் வந்தது. மறுநாள் திங்கட்கிழமை வாசுவும் வந்தான்.

அன்றைக்குக் காக்கா ஸ்குரூடிரைவர் பையை எடுக்காமலே ஓடி வந்துவிட்டார். இனி அந்தப் பக்கம் போவதில்லை என்று இருந்தார். சனிக்கிழமை கடைக்குப் போன் வந்தது.

"தம்பி, நாளைக்கு வந்து இன்னொருக்காப் போட்டுத் தாங்கோ."

"கம்ப்யூட்டர் கெட்டுப் போச்சாம்மா?"

"இல்லை. அது நல்லா இருக்கு. அவன்தான் நேற்றுப் போயிட்டான்."

"அந்தப் போன எறிஞ்சிட்டு ஓடாம, எதுக்கு அவரு போனாரு?" தங்கமணி கேட்டான். இப்போது அவன் குரலில் கேலி பாதிதான் இருந்தது.

"நானும் கேட்டேன். அந்தம்மா அழுதிருந்தா வேணாம்னு சொல்லியிருப்பேண்டா... அது அழவே இல்லைன்னாரு."

போனார். ஹார்ட் டிஸ்கைத் துடைத்துவிட்டு, முதலிலிருந்து ஏற்றினார். அடுத்த ஞாயிறும் போனார். திங்கள் ஏழு இருபதுக்கு வாசு வருவான். குளிப்பான். தட்டு வைத்தால் நாற்காலி நகரும், சோறு அப்படியே இருக்கும். ராத்திரி அவன் அறையில் கீபோர்டு சத்தம் கேட்கும். செவ்வாய், புதன், வியாழன்... வெள்ளி ஏழு இருபதுக்குப் போய்விடுவான். எத்தனை தடவை வந்தாலும் அவனுக்கு அந்த ஞாயிறு வரைக்கும்தான் தெரியும். தான் செத்தது தெரியாது. முந்தின வாரம் வந்தது தெரியாது.

அந்த அம்மாவுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். ஒரு வெள்ளிக்கிழமையைத் தாண்ட வேண்டும். வெள்ளிக்கிழமை மட்டும் வேலைக்குப் போகாதே என்று திங்கட்கிழமையிலிருந்து குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று சொல்வார். உள்ளேயிருந்து "ம்ம்" என்று சத்தம் வரும். அந்த "ம்ம்"மை நம்பித்தான் நாலு நாள். வெள்ளி காலை மோட்டார் கிளம்பிப் போகும் சத்தம் கேட்கும். மறுபடி ஞாயிறு காக்கா வந்து ஏற்றினால், அவர் சொன்னதெல்லாம் அவனுக்குத் தெரியாது. மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

மூன்றாம் ஞாயிறு காக்கா கிளம்பும்போது ஐயா மோட்டார் வரைக்கும் கூட வந்தார். வாசு வர ஆரம்பித்த பிறகு அவர் பேசியதே அன்றைக்குத்தான்.

"தம்பி, நீங்க ஞாயிற்றுக்கிழமை வந்து போட்டுக் குடுத்திட்டுப் போறீங்கள். வெள்ளிக்கிழமை வந்ததில்லை. ஒருக்கா வந்து பாருங்கோ."

வெள்ளிக்கிழமை ஏழு மணிக்குக் காக்கா போனார். அந்த அம்மா கேட்டில் நின்றார். தோளில் ஒரு துவாலை, ஒரு கையில் டார்ச், இன்னொரு கையில் தண்ணீர் போத்தல்.

"இந்தக் கிழமை தாண்டி வந்திடுவான் தம்பி. ரெண்டு தரம் ம்ம் எண்டவன்."

ஏழு பதினெட்டு. தூரத்தில் மோட்டார் சத்தம். எதிர்ப் பக்கமிருந்து லோரி சத்தம். ரோட்டில் லோரி இல்லை. சத்தம் மட்டும் மேடேறி வந்தது. பிரேக்... நீளமாக. இரும்பு தாரில் இழுபடும் சத்தம். அப்புறம் ஹெல்மெட் உருண்டது. டொக்... டொக்... டொக்... அது நிற்க அவ்வளவு நேரம் ஆனது. காற்றில் நசுங்கிய செம்பனைப் பழ வாடை. எண்ணெயும் இனிப்பும் கலந்த வாடை.

அந்த அம்மா செருப்பு இல்லாமல் ஓடினார். காக்காவும் பின்னால் ஓடப் போனார். ஐயா கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஓடட்டும். போன கிழமையும் ஓடினவள். அண்டைக்கு அவன் பத்து நிமிசம் உயிரோட கிடந்தவன். தண்ணி கேட்டவன். இவளிட்ட இல்லை. அதுதான் இப்ப போத்தல் கொண்டு போறாள்."

ரோட்டு முனையில் டார்ச் வெளிச்சம் குனிந்தது. காலி ரோட்டில் மண்டி போட்டு, அந்த அம்மா தாரில் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தார். கொஞ்சம் கொஞ்சமாக... வாயில் ஊற்றுவது மாதிரி.

"முப்பத்தோராம் நாள் காரியம் எல்லாம் செய்து அனுப்பின பிள்ளை, தம்பி," என்றார் ஐயா. "எனக்கு அவன் ஒருக்காச் செத்தது போதும். இப்ப நாலாம் தரம். இனி வராதேங்கோ."

காக்கா அந்த ஞாயிறு போகவில்லை. அந்த அம்மா பஸ் பிடித்துக் கிள்ளானுக்கு வந்துவிட்டார். பிளாப்பி டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு கடை வாசலில் ஸ்டூலில் உட்கார்ந்தார். கடை சாத்தும் நேரம் வரைக்கும் இருந்தார். காக்கா மோட்டாரை எடுத்தார்.

அன்றைக்குத்தான் பதினாலாம் நம்பர் படிக்கவில்லை. கம்ப்யூட்டர் கரகரவென்று அரைத்தது. இதை விட்டுவிட்டு மேலே போகவா என்று திரையில் கேட்டது. காக்கா மூன்று தடவை போட்டுப் பார்த்தார். பிறகு விட்டுவிட்டு மேலே போனார்.

பிளாப்பியின் இரும்பு மூடியைத் தள்ளிப் பார்த்தார். உள்ளே இருக்கும் கறுப்புத் தகட்டில் குங்குமம் வட்டமாகக் கீறியிருந்தது. அதன் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சை. ஸ்பிரிட் தொட்டுப் பஞ்சால் துடைத்தார். பஞ்சு சிவப்பாக வந்தது.

"அம்மா... இதுல விபூதி, குங்குமம் எதுவும் படக்கூடாதும்மா. பட்டா அழிஞ்சிடும்."

அந்த அம்மா அவரையே பார்த்தார்.

"நீங்க முதல் நாளே கண்டனீங்கள்தானே தம்பி?"

காக்கா பதினைந்தாம் நம்பரை எடுத்துப் போட்டார்.

அந்த வாரம் வாசு வந்தான். விசில் அடிக்கவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம். அம்மாவுக்கு மட்டும் அது தெரிந்தது.

காக்கா புது பிளாப்பி வாங்கி, படிக்கிறவற்றை எல்லாம் நகல் எடுத்துப் பார்த்தார். நகலைப் போட்டால் கம்ப்யூட்டர் மட்டும் வந்தது, ஆள் வரவில்லை. இன்னொரு வாரம் வியாழக்கிழமை ராத்திரியே போய், அது வரைக்கும் இருந்ததைப் புது டிஸ்குகளில் பிடித்து வைத்தார். வியாழனில் இருந்து தொடர்வான் என்று ஒரு நினைப்பு. அதிலும் யாரும் வரவில்லை. வாசு கையால் எண் எழுதிய அந்த இருபத்திரண்டில்தான் ஏதோ இருந்தது. அதுவோ ஒவ்வொரு வாரமும் ஏற்ற ஏற்றத் தேய்ந்துகொண்டே போனது.

ஐந்தாம் வாரம் நாலு டிஸ்க் போனது. வந்தவன் குளிக்கவில்லை. ஹால் நடுவில் நின்றான் போலிருக்கிறது... காலடி அங்கேயே நின்றுவிட்டது. விடியும் வரைக்கும் அங்கே சிமெண்டு ஈரமாகவே இருந்தது. அதற்கு அடுத்த வாரம் ஒன்பது போனது. சப்பாத்து கழற்றும் சத்தம் ஒன்றுதான் கேட்டது. நடக்கும்போதும் ஒரு கால்தான். ஒரு காலடி... கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை... மறுபடி அதே கால்.

அதற்கும் அடுத்த திங்கட்கிழமை ஏழு இருபதுக்கு கேட்டில் யாரும் தட்டவில்லை. அந்த அம்மா காத்திருந்தார். ஏழரைக்கு இரண்டு வீடு தள்ளி, சீனர் வீட்டு கேட்டில் டிங் டிங் என்று கேட்டது. அப்புறம் பக்கத்து வீட்டு கேட்டில். எது தன் வீடு என்று அவனுக்குத் தெரியவில்லை.

"இந்தப் பக்கம் ராசா... இந்தப் பக்கம்," என்று அந்த அம்மா இருட்டில் நின்று கைதட்டிக் கூப்பிட்டிருக்கிறார். கோழியைக் கூப்பிடுவது மாதிரி.

ஐயா அன்றைக்கு ராத்திரியே துணிப்பையை எடுத்துக்கொண்டு சாலாக் செலாத்தானில் தம்பி வீட்டுக்குப் போய்விட்டார். திரும்பி வரவே இல்லை.

ஜெய்னுதீன் மணி பார்த்தான். பத்து இருபது. மெழுகுவர்த்தி பாதி இறங்கியிருந்தது.

"சீக்கிரம் முடி லா," என்றான் தங்கமணி.

கடைசி ஞாயிறு. காக்கா ஒன்றாம் நம்பரைப் போட்டார். அது படித்தது. இரண்டாம் நம்பரைப் போடு என்று திரை கேட்டது. போட்டார். படிக்கவில்லை. துடைத்துப் போட்டார். படிக்கவில்லை. விட்டுவிட்டு மேலே போகச் சொன்னார்... போக மாட்டேன் என்றது. இருபத்திரண்டு வரைக்கும் எல்லாவற்றையும் ஒரு தடவை போட்டுப் பார்த்தார். எதைப் போட்டாலும் திரையில் அதே வரிதான். இரண்டாம் நம்பர் டிஸ்கைப் போட்டுவிட்டு ஏதாவது ஒரு கீயை அழுத்து.

சாயங்காலம் ஆறு மணி. காக்கா சுவிட்ச் பக்கம் கையைக் கொண்டுபோனார். அந்த அம்மா கையைப் பிடித்தார்.

"அணைக்காதேங்கோ."

"இது முடியாதும்மா. இதுல ஒண்ணும் இல்ல. பாதியில நிக்குது."

"நிக்கட்டும்."

மறுநாள் ஏழு இருபதுக்கு அந்த அம்மா வீட்டு கேட்டிலேயே டிங் டிங் என்று கேட்டது. "அம்மா." கேட்டைத் திறந்தார். யாரும் உள்ளே வரவில்லை. காலடி இல்லை, வாடை இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, அதே இடத்தில், "அம்மா." செவ்வாய் வந்தது, புதன் வந்தது. வெள்ளிக்கிழமை அந்த அம்மா துவாலையும் தண்ணீரும் வைத்துக்கொண்டு காத்திருந்தார். ஏழு இருபது... ஏழரை... லோரி வரவில்லை. பிரேக் சத்தம் இல்லை. கேட்டில், "அம்மா."

வெள்ளிக்கிழமையைத் தாண்டிவிட்டான்.

ஆனால் வீட்டுக்குள் வரவில்லை. அவனுக்குள் மிச்சம் இருந்தது அந்த ஒரு டிஸ்க்தான். கேட்டைத் தட்டுவான், அம்மா என்பான். யார் அம்மா, எதற்குக் கூப்பிடுகிறோம், ஒன்றும் தெரியாது. திறந்தால் உள்ளே வர வேண்டும் என்பதுகூடத் தெரியாது. கம்ப்யூட்டர் பாதியில் நிற்கிற வரைக்கும் அவனும் அங்கே நிற்பான்.

இதெல்லாம் நடந்து மூன்று வருசம் ஆகிறது. அந்தக் கம்ப்யூட்டரை இது வரைக்கும் யாரும் அணைக்கவில்லை. சூடேறாமல் இருக்க ஒரு டேபிள் ஃபேன் ராத்திரி பகலாக அதன் பக்கத்தில் ஓடுகிறது. அய்யூப் காக்கா கடையை மூடிவிட்டார். இப்போது காஜாங் பக்கம் பாசார் மாலாமில், ராத்திரிச் சந்தையில், துணி விற்கிறார். கம்ப்யூட்டர் இருக்கும் கடைக்குள்ளேகூடப் போவதில்லை.

"கரண்ட் போனா?" என்று கேட்டேன். அது வரைக்கும் நான் வாயைத் திறக்கவில்லை.

"காக்கா கடைசியா ஒரு வேலை பண்ணிக் குடுத்தாரு. ரெண்டு லோரி பேட்டரி வச்சு, கரண்ட் போனாலும் ஓடுற மாதிரி. மாசம் ஒரு தடவ அந்தப் பேட்டரிக்குத் தண்ணி ஊத்தணும்... காக்கா போக மாட்டாரு. இங்கருந்து கிட்டத்தான, நீ போடான்னு எங்கிட்ட விட்டுட்டாரு."

"அப்ப நீ... நீ அதக் கேட்டிருக்கியா?"

"கேட்டத் தாண்டித்தான உள்ள போகணும்," என்றான் ஜெய்னுதீன்.

தொழிற்சாலைப் பக்கமிருந்து வழக்கமாக வரும் இரைச்சல் அன்றைக்கு இல்லை. கால்வாயில் தவளை மட்டும் கத்தியது.

"அந்தப் பேட்டரி எவ்ளோ நேரம் தாங்கும்?" தங்கமணி கேட்டான்.

"மூணு மணி நேரம்."

எல்லோரும் விரலை மடக்கிக் கணக்குப் போட்டோம். ஏழரையிலிருந்து... எட்டரை. ஒன்பதரை. பத்தரை.

ஜெய்னுதீன் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையும் இல்லாமல் போய்விட்டது. கேட்டுப் பக்கமிருந்து பாக் சாலேயின் டார்ச் ஆடி ஆடி வந்தது.

"ஜெய்னுதீன்! தெலிஃபோன்!"

காவல் அறையில் ஒரு போன் உண்டு. கரண்ட் இல்லாவிட்டாலும் அது வேலை செய்யும். ஜெய்னுதீன் எழுந்து போனான். நாங்கள் ஆறு பேரும் இருந்த இடத்தில் இன்னும் நெருங்கி உட்கார்ந்தோம். தங்கமணியின் முழங்கை என் விலாவில் குத்திக்கொண்டிருந்தது. எடு என்று நான் சொல்லவில்லை.

இரண்டு நிமிடத்தில், பாக் சாலே டார்ச் காட்ட, திரும்பி வந்தான். உட்காரவில்லை.

"பேட்டரி எறங்கிடுச்சாம். திரை அணைஞ்சு போச்சாம்."

"அந்தம்மாவா?"

தலையை ஆட்டினான். பிறகு அவர் சொன்னதை அவர் சொன்ன மாதிரியே சொன்னான். மெதுவாக.

"தம்பி, கேட்டைத் திறந்து பார்த்தன். அவன் அங்க இல்லை. மற்ற ரெண்டு வீட்டு கேட்டிலயும் பார்த்தன்... ரோட்டு முனையிலயும் இல்லை. வேலைக்குப் போற பாதை மட்டும் அவனுக்கு நினைவிருக்குமோ எண்டு யோசிச்சன். உங்கட பக்கம் வந்தவனோ?"

மெழுகுவர்த்தி படபடத்தது. காற்று இல்லை.

பாக் சாலே அப்போதுதான் பாதி வழி போயிருந்தார். அவர் டார்ச் நின்றது. கேட்டுப் பக்கம் திரும்பியது.

டிங்... டிங்.

"சியாப்பா?" என்றார் பாக் சாலே. யாரது என்று அர்த்தம். இன்னொரு தடவை, கொஞ்சம் சின்னக் குரலில், "சியாப்பா?"

நனைந்த பூஞ்சை வாடை வந்தது. அதற்குள் எங்கேயோ விபூதி வாடை.

"அம்மா."

இந்த ஹாஸ்டலில் நாற்பத்தெட்டுப் பேர் இருக்கிறோம். எல்லோரும் ஆம்பிளைகள். எல்லோரும் வீட்டை விட்டு வந்தவர்கள். ஓர் அம்மாகூட இங்கே கிடையாது.